உதிர்ந்த பழத்துக்கு ஒரு கண்டிசன்

கூடலூரில் இறங்கி ராக்கையா வீடு எது என்று கேட்டால், எந்த ராக்கையா என்பார்கள். கண்டிசன் ராக்கையா என்றால் போதும், குமுளிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிற ஜீப் டிரைவர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு வழி சொல்வான். ஊர் அந்தப் பெயரைக் கேலியாகத்தான் வைத்தது. அவர் அதைக் கலெக்டர் கையால் வாங்கிய விருது மாதிரி சுமந்து திரிந்தார்.

லோயர்கேம்ப் போகிற பாதையில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தலுக்கு நடுவிலேயே நாலு அறை வைத்த வீடு. ஊருக்குள் நாலு லைன் வீடு. இவ்வளவுதான் சொத்து. ஆனால் அதற்கு அவர் போட்ட ஒப்பந்தங்களைப் பார்த்தால் அணைக்கட்டுக்குப் போட்ட ஒப்பந்தமோ என்று தோன்றும். பழம் வெட்ட வரும் வியாபாரிக்கு முத்திரைத்தாளில் இருபத்திரண்டு கண்டிசன். வெட்டுக்கு வரும் பெண்கள் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவக் கூடாது. குருவி கொத்திய கொத்துக்குத் தள்ளுபடி கிடையாது. வெட்டு முடிந்த மறுநாள் வியாபாரியின் பெட்டி ஒன்றுகூடத் தோட்டத்தில் கிடக்கக் கூடாது. பந்தலில் தொங்குகிற பழம் வியாபாரிக்கு, தரையில் உதிர்ந்த பழம் தோட்டக்காரருக்கு.

உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்குவது யார் என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அது அவர் மனைவி ராஜாத்தி.

லைன் வீட்டுக்காரர்களுக்கு வேறு சட்டம். பதினோரு மாதம். அதற்குமேல் ஒரு நாள் கிடையாது.

“பன்னெண்டாவது மாசம் ஒருத்தன ஒக்கார விட்டேன்னு வையி, அவன் அப்பன் கட்டுன வீடுன்னு நெனைக்க ஆரம்பிச்சிருவான்” என்பார். ஒரே மகன் விஜய்பாண்டி இந்த வசனத்தைக் கேட்டே வளர்ந்தான். குடிவைத்த ஒருவனுக்கும் ராக்கையா இரண்டாம் முறை எழுதிக் கொடுத்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த டிரைவர் பெண்டாட்டி ஒருத்தி, குழந்தை பிறக்கிற மட்டுக்குமாவது விடுங்க என்று ராஜாத்தியிடம் வந்து அழுதாள். “தாள்ல அப்பிடி இல்லையே ஆத்தா” என்று அவர் வாசலில் இருந்தே பதில் சொன்னார். தாள் அவருக்குச் சாமி. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்து மூன்றாம் வயதில் கம்பத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போனார்.

மூத்த குடிமக்கள் நல்வாழ்வு மற்றும் சட்ட விழிப்புணர்வு முகாம் என்று கல்யாண மண்டப வாசலில் பேனர். அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சுந்தர்ராஜ். பேசுவதற்கு முன் மைக்கை மூன்று தட்டுத் தட்டுவார், முப்பத்தைந்து வருடம் சீல் குத்திய கை. முதுமை ஒரு வரம் என்று அவர் தொடங்கியபோது கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கக்கூஸ் வரிசையில் நின்றிருந்தார்கள். பிறகு மேடையில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் சால்வை. சால்வை போட்டவருக்கு வேறொருவர் சால்வை. மூத்த திராட்சை விவசாயி என்ற வகையில் ராக்கையாவுக்கும் ஒன்று விழுந்தது. அவர் அதை மடித்து வைக்கவில்லை. ஆவணி வெக்கையில் வியர்க்க வியர்க்கப் போர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார்.

சட்டம் என்று பேனரில் இருந்ததை யாருக்கோ ஞாபகம் வந்தபோது சாம்பார் வாளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்ரின் என்ற வக்கீல் பெண்ணை மைக்கிடம் அனுப்பி, “அஞ்சு நிமிசம்தாம்மா, பந்தி வச்சாச்சு” என்றார் சுந்தர்ராஜ்.

அந்தப் பெண் வணக்கம்கூடச் சொல்லி நேரத்தைக் கழிக்கவில்லை.

“பிள்ளைகளுக்கு எழுதிக் குடுக்காதீகன்னு சொல்ல வரல. உயிலா எழுதினா உங்க உசுரு இருக்கிற வரைக்கும் மாத்தி எழுதிக்கலாம். செட்டில்மெண்டா எழுதிப் பதிஞ்சா அன்னைக்கே சொத்து கைமாறிரும். அதனால எழுதுறப்பவே ரெண்டு வரி சேருங்க. எங்க ரெண்டு பேர் ஆயுசு வரைக்கும் இந்த வீட்டுல இருந்து அனுபவிக்கிற உரிமை எங்களுக்குங்கிறது ஒண்ணு. எங்களப் பராமரிக்கணும்ங்கிற கண்டிசன் பேருலதான் குடுக்குறோம்ங்கிறது ஒண்ணு. அந்த வரி இருந்து, பிள்ளை பாக்கலேன்னா, கோட்டாட்சியர்ட்ட வெள்ளைத்தாள்ல மனு குடுத்துப் பத்திரத்தையே ரத்து பண்ண வழி இருக்கு. வக்கீலுகூட வேணாம். ரெண்டே வரி. ஞாபகம் வச்சுக்கங்க.”

பெண்கள் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ராஜாத்தியைத் தவிர எல்லோரும் பந்திக்கு எழுந்திருந்தார்கள். ராஜாத்தி இரண்டு விரலை மடக்கி, மடக்கியபடியே மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேடையில் இருந்த ராக்கையா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“வக்கீலம்மா படிச்சவக. நான் கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. வியாபாரிக்குக் கண்டிசன் போடுவேன். வாடகைக்கு வர்றவனுக்குப் போடுவேன். பெத்த பிள்ளைக்குப் போடுறதா? ரத்தத்துக்குக் கண்டிசன் போட்டா அது என்ன ரத்தம்? இந்தா, இந்த மேடையில வச்சுச் சொல்றேன். வர்ற புதன்கெழம எனக்குள்ளது அம்புட்டையும் எம்மகன் பேருக்கு எழுதுறேன். ஒரு வரி கண்டிசன் இருக்காது!”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். இலையில் உட்கார்ந்தவர்கள்கூட எச்சில் கையோடு தட்டினார்கள். சுந்தர்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு சால்வையை எடுத்துப் போர்த்தினார். அன்றைக்கு இரண்டு சால்வை வாங்கிய ஒரே ஆள் ராக்கையாதான். இரண்டின் விலையும் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ராஜாத்தி கேட்டாள். “அந்தப் பிள்ளை சொன்னதுல என்ன தப்புங்கிறேன்? ரெண்டு வரிதான.”

“சும்மா வா.”

“நமக்குன்னு ஒரு அடுப்படி வேணாமா?”

“எம்மகன் வீட்டுல ஒனக்கு அடுப்படி இல்லையாக்கும்?”

“இன்னைக்கு அது ஒங்க வீடு. அதான் இருக்கு.”

“ஏத்தா, பஸ்ஸுல நாலு பேரு கேக்குறாக” என்றார். கேட்கட்டும் என்றுதான் மேடையில் பேசினார். பஸ்ஸில் கேட்கக் கூடாது.

பத்திர எழுத்தர் இப்ராஹிம் முப்பது வருடமாக ராக்கையாவின் தாள்களை எழுதி வருகிறவர். தானமாக எழுதும் வாசகம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், நீ உன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சந்திராதித்தர் உள்ளவரை ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும் என்பதை ராக்கையா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இப்ராஹிம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். “அண்ணே, உதிர்ந்த பழத்துக்கே ஒரு வரி எழுதச் சொன்ன ஆளு நீங்க. உங்களுக்கு ஒரு வரி வேணாமா?”

“பாய், நீரு எழுதுறவரு. எழுதும்.”

“அக்காவுக்காவது...”

வெளியே போன் பேசிக்கொண்டிருந்த விஜய்பாண்டி உள்ளே வந்தான். “அப்பா சொல்றபடியே எழுதுங்க பாய். எனக்கு எப்படின்னாலும் சம்மதம்.” அவன் பொய் சொல்லவில்லை. எப்படி என்றாலும் அவனுக்குச் சம்மதம்தான்.

முதல் வருடம் ஒன்றும் மாறவில்லை. ராக்கையா வழக்கம்போல விடிய எழுந்து பந்தலுக்கடியில் குனிந்து நடந்தார், கவாத்து வெட்டுகிறவனைத் திட்டினார், மருந்து டிரம்மை மோந்து பார்த்து அளவு சொன்னார். ராஜாத்தி மொச்சைக்குழம்பு வைத்தாள். மருமகள் யுவராணி மொச்சையை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். பார்த்தீர்களா என்று ராக்கையா ஊரைப் பார்த்தார்.

இரண்டாம் வருடம், பழம் கறுத்து வெட்டுக்கு ஐந்து நாள் இருக்கையில் குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கிப் பதினோரு நாள் நிற்கவே இல்லை. பழமெல்லாம் தோல் வெடித்து வழிந்தது. தோட்டம் முழுக்கப் புளித்த கள்வாடை. வியாபாரி வந்து பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செருப்பைக்கூட உதறாமல் போய்விட்டான். அந்த முறை பழம் மொத்தமும் தரையில்தான் கிடந்தது. கண்டிசன்படி அம்புட்டும் ராக்கையாவுக்கே. ராஜாத்தி மூன்று நாள் குனிந்து அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினாள்.

விஜய்பாண்டி நாலாம் நாள் சொன்னான். “இனி பழத்த நம்பிப் பிரயோசனமில்லப்பா. ரோட்டுல போற கேரளாக்காரன் எல்லாம் வண்டிய நிறுத்திப் பந்தலுக்குள்ள போட்டோ எடுக்குறான். பழத்த விக்கிறதுக்குப் பதிலா பந்தலக் காட்டணும்.”

காட்டினான். லைன் வீடு நாலையும் விற்றான். தோட்டத்து வீட்டுக்குப் பச்சை பெயிண்ட், ஏசி, வாசலில் ஹோம் ஸ்டே போர்டு. அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தியதே இல்லை. “ரெண்டு மாசத்துக்கு மோட்டார் ரூம்ல இருங்கப்பா, சீசன் முடியட்டும்” என்றபோதுகூட அப்பாவின் கட்டிலை அவனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான்.

மோட்டார் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. ஸ்டார்ட்டர் பெட்டி ஒரு சுவரில், மருந்து டப்பா அடுக்கு ஒரு சுவரில், கட்டில் ஒரு சுவரில். தகரக் கதவுக்கு வெளியே தொட்டிச் சுவரை ஒட்டி ராஜாத்தி அடுப்புக் கூட்டினாள். சாரல் அடித்தால் அடுப்பு அணையும். மோட்டார் ஓடினால் ராக்கையாவின் இருமல் கேட்காது. அது ஒரு வசதி.

யுவராணி ஒரு நாள் வந்து தள்ளியே நின்றாள். “அத்தே, கெஸ்ட் இருக்கிறப்ப கருவாடு வறுக்காதீக. ரூமுக்குள்ள வாடை வருதாம்.”

“சரித்தா.”

அடுத்த மாதம், கோட்டயத்திலிருந்து வந்த ஒரு சேட்டன் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே மோட்டார் ரூமுக்கு வந்து, ஒரு வாய் வாங்கித் தின்று, “கொள்ளாம் சேச்சி” என்று மெச்சினான். மறுநாளே கருவாட்டுக்குழம்பும் கேப்பைக்களியும் வில்லேஜ் மீல்ஸ் என்று போர்டில் ஏறின. வாடை அப்போதும் ராஜாத்தியுடையதுதான். களி கிண்டுவதும் அவள்தான்.

இரண்டு மாதம் ஒரு வருடமானது. பிறகு மோட்டார் ரூமை இடித்துவிட்டு நீச்சல் குளம் கட்ட ஒருவன் வந்து டேப் பிடித்து அளந்தான். கட்டிலுக்கடியிலும் டேப் போனது. ராக்கையா காலைத் தூக்கிக்கொண்டார்.

“தேனியில ஒரு ஹோம் இருக்குப்பா. டாக்டர் வர்றாராம், டிவி இருக்காம்” என்றான் விஜய்பாண்டி.

அன்றைக்கு ராக்கையா சாப்பிடவில்லை. மறுநாள் ராஜாத்தி, தண்ணீர் போட்டுத் தலையை வாரிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கம்பம் பஸ் ஏறி அப்ரின் வக்கீலைத் தேடிப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இவளை ஞாபகம் இருந்தது. “எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒத்த ஆளா உக்காந்திருந்தீகளே அம்மா!” என்றாள். வெள்ளைத்தாளில் மனு எழுதினாள். பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் பராமரிப்புத் தொகையும் இருக்க இடமும் வேண்டும். ராஜாத்தி கையெழுத்துப் போட்டாள். ராக்கையாவிடம் வாங்க இரண்டு நாளானது.

“மகன் மேல மனுவா? ஊரு என்னைய என்ன சொல்லும்?”

“ஊரு கைதட்டும். போடுங்க.”

உத்தமபாளையத்தில் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை. அவர் சின்ன வயதுப் பெண், வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர். பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“பெரியவரே, உங்களப் பாத்துக்கணும்னு இதுல எங்கயும் கண்டிஷன் போடலியா?”

இருபது வருடமாக அந்தச் சொல்லோடு ஊரில் நடந்த மனிதர் தரையைப் பார்த்தார். ஒருபக்கம் விஜய்பாண்டி கைகட்டி அடக்கமாக நின்றான்.

“இல்லீங்க” என்றாள் ராஜாத்தி.

“போட்டிருந்தா எனக்கு வேலை சுலபம். கண்டிஷன் இல்லாத பத்திரத்தையும் ரத்து பண்ணலாம்னு சில கோர்ட்டுல சொல்லியிருக்காங்க, கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. நான் ரத்து பண்ணா உங்க மகன் மேல போவாரு. வருஷக்கணக்கா இழுக்கும். ஆனா பராமரிப்புக்கு மாசாமாசம் ஒரு தொகை குடுக்கணும்னு இப்பவே உத்தரவு போட முடியும். வேணுமா?”

“வேணும்மா” என்றாள் ராஜாத்தி.

“வேணாம்” என்றார் ராக்கையா. தரையிலிருந்து தலை நிமிர்ந்துவிட்டது. “எம்மகன்ட்ட மாசாமாசம் கையேந்துறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா?”

அப்ரின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஐயா, அது பிச்சை இல்ல, உங்க உரிமை.” அந்த அறையில் கைதட்ட யாருமில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. இருவரும் பேசி முடிவெடுங்கள் என்று கோட்டாட்சியர் பத்து நாள் கொடுத்தார்.

வெளியே டீக்கடையில் விஜய்பாண்டி மூன்று டீ சொன்னான். அம்மாவுக்குச் சீனி கம்மி என்பதை மறக்கவில்லை.

“எதுக்குப்பா கேசு? ஹோமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீச்சல் குளத்தத் தள்ளிக் கட்டிக்கிறேன். மோட்டார் ரூம்லயே இருங்க. முறைப்படி பேப்பர் போட்டுக்குவோம். மனுவ மட்டும் திருப்பி வாங்கிருங்க.”

பேப்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் ராக்கையாவின் முகத்தில் பழைய களை வந்ததை ராஜாத்தி பார்த்தாள். சவத்துக்கு அலங்காரம் செய்தால் வருமே, அந்தக் களை.

“பாத்தியா? பேப்பர் போடுறேங்கிறான்” என்றார்.

“மனு கெடக்கட்டும். மொதல்ல அந்தம்மா போடுற உத்தரவு வரட்டும்” என்றாள்.

“பணம் பிச்சை. பேப்பர் மருவாதி. ஒனக்கு இதெல்லாம் தெரியாது.”

அப்ரின் தன் ஸ்கூட்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். “அய்யா, என்ன எழுதினாலும், ரெண்டு பேர் ஆயுசு வரைக்கும்னு எழுதச் சொல்லுங்க. அதக் கேக்காம மனுவ வாங்கீராதீக.” ராக்கையா தலையை ஆட்டினார். மேடையில் பேசியவர்களுக்கெல்லாம் ஆட்டிய அதே ஆட்டம். அன்று சாயங்காலத்துக்குள் மனுவைத் திருப்பி வாங்கிவிட்டார். ஒத்தக் கையெழுத்தில் நிற்காது என்று ராஜாத்தியையும் போட வைத்தார். அவர் சொன்னதும் அவளும் போட்டாள். நாற்பத்தாறு வருடப் பழக்கம் அது, சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது.

வெள்ளிக்கிழமை இப்ராஹிம் கடை. மேசையில் முத்திரைத்தாள். விஜய்பாண்டி போனில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இப்ராஹிம் தலை நிமிராமல் எழுதினார். எழுதி முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

“ஒண்ணாம் பார்ட்டி விஜய்பாண்டி. ரெண்டாம் பார்ட்டி ராக்கையா. மோட்டார் ரூமை ரெண்டாம் பார்ட்டியும் அவர் மனைவியும் இருந்துகொள்ளச் சம்மதித்தபடி கண்டிசன்கள். ஒன்று, சனி ஞாயிறு விடுமுறை நாட்களில் ரெண்டாம் பார்ட்டி தலைப்பாகை கட்டிப் பந்தலடியில் இருந்து விருந்தினருடன் போட்டோவுக்கு ஒத்துழைக்க வேண்டியது. ரெண்டு, ரெண்டாம் பார்ட்டியின் மனைவி விருந்தினருக்குக் களி கிண்டிக் கொடுக்க வேண்டியது. மூணு, விருந்தினர் பகுதியில் இருமுவது, துப்புவது கூடாது. நாலு, தொட்டியில் கால் கழுவக் கூடாது.”

அந்த வரி வந்ததும் ராக்கையா லேசாகச் சிரித்தார். “நம்ம கண்டிசன்” என்றார்.

“நீங்க கத்துக்குடுத்ததுதானப்பா” என்றான் விஜய்பாண்டி. கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

“உதிர்ந்த பழம்?” என்றார் ராக்கையா. “அத விட்டுட்டியே. உதிர்ந்த பழம் எங்களுக்கு. பாய், எழுதும்.”

விஜய்பாண்டி கொஞ்சம் யோசித்தான். “சரி, போட்டுக்கங்க பாய்.”

ராக்கையா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேரம் படிந்த திருப்தி. இப்ராஹிம் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் பழையபடி வைத்திருந்தார்.

“காலக்கெடு?”

“பதினோரு மாசம்” என்றான் விஜய்பாண்டி.

இப்ராஹிம் ராக்கையாவைப் பார்த்தார். ராக்கையா காலண்டரைப் பார்த்தார். அப்ரின் சொன்ன ஆயுசு என்ற சொல்லை ராஜாத்தி மெல்லச் சொன்னாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அதன் பிறகு விரலை மடக்கினாள்.

“ஆவணியில கவாத்து. மார்கழியில ஒரு வெட்டு. தையில மறுபடி கவாத்து, வைகாசியில ஒரு வெட்டு. அதுக்கு அடுத்த கவாத்து வெட்டி, காய் பிடிச்சு... ஆடியில முடியுது கெடு.” நிறுத்தினாள். “மூணாவது காய் பச்சையா நிக்குமே பாய். அது உதிரக்கூடச் செய்யாதே.”

இப்ராஹிம் மை டப்பாவைத் திறந்து மூடினார்.

“கூறுகெட்டவ. முடிஞ்சா புதுப்பிச்சுக்கிறது” என்றார் ராக்கையா. குரல் மட்டும் மேடைக்குப் போயிருந்தது. “ஊரு வழக்கம்தான இது? நான் எத்தன பேருக்கு எழுதியிருக்கேன், எத்தன பேரு இருந்திருக்காக!”

“எத்தன பேருக்குப் புதுப்பிச்சீக?” என்று கேட்டாள் ராஜாத்தி.

ராக்கையா கையை விரித்து முன்னால் நீட்டினார், எண்ணிக் காட்டுகிறவர் மாதிரி. வெளியே சாரல் தகரத்தில் விழ ஆரம்பித்தது. விஜய்பாண்டி பேனாவை எடுத்து அப்பாவின் பக்கம் நகர்த்தினான். கை அப்படியே நீண்டிருந்தது. ஒரு விரல்கூட மடங்கவில்லை.